பாக்கு மரத்தில் வந்த லைன்

12 ஆகஸ்ட், செவ்வாய்

விடிந்ததிலிருந்து மழை. நேற்றும் மழை. துவைத்த துணி எல்லாம் அடுப்புக்கு மேலே கயிற்றில். உடுத்தினால் புகை நாற்றம், உடுத்தாவிட்டால் ஈர நாற்றம்.

இன்றைக்கு நினைத்திருந்தது: மேட்டுப் பக்கம் மிளகுக் கொடி கட்டுவது. கோழிக் கூட்டுக்குத் தகரம். பேத்தி மதுவின் பள்ளிக்கூடச் சட்டைக்குப் பொத்தான்.

நடந்தது: பொத்தான்.

மற்றதெல்லாம் சேகர் வாயைத் திறந்ததால் கெட்டது. சாப்பிட உட்கார்ந்தவன், என் முகத்தைப் பார்க்காமல் சோற்றைப் பார்த்துச் சொல்கிறான்.

"டவுன்ல, காராச்சர்மால ஒரு வீடு பாத்துருக்கேன்மா. ரெண்டு ரூம். ஒண்ணாம் தேதி போயிரலாம்."

"யாரு?"

"எல்லாரும்தான்."

"எல்லாரும்னா?"

"நீயுந்தான்."

மருமகள் கலா கருவாட்டில் முள் எடுத்துக்கொண்டிருந்தாள், மதுவுக்கு. எடுத்த முள்ளையே திரும்பத் திரும்ப எடுத்தாள்.

காரணம் எனக்குத் தெரியாததில்லை. கலாவுக்குப் போர்ட் பிளேரில் ஒரு ஹோட்டலில் வேலை. மெயின்லேண்டிலிருந்து டூரிஸ்ட்டுகள் ரூம் கேட்டு எழுதுவதற்குக் கம்ப்யூட்டரில் பதில் போடுவது. எங்கள் பெரார்கஞ்சிலிருந்து பஸ். மது எழுந்திருக்குமுன் போகிறாள், மது தூங்கி விழும்போது வருகிறாள். ஹோட்டல்காரர் நல்ல மாதிரி. வீட்டில் நெட் இருந்தால் வீட்டிலிருந்தே செய்யம்மா என்கிறார். சீசன் வருகிறது, ஒன்றாம் தேதிக்குள் ஒரு முடிவு சொல் என்கிறார். இங்கே நெட் இல்லை. மொபைலில் ஒரு கோடு வரும். அதுவும் கோழிக் கூட்டுப் பக்கம் போய் நின்றால். சேகரும் டவுனில் ஹார்டுவேர் கடையில் கணக்கு எழுதுகிறான், அவனுக்கும் பஸ் அலுத்துப்போயிற்று.

அதனால் நெட் இருக்கிற இடத்துக்கு வீட்டைத் தூக்கிக்கொண்டு போக வேண்டுமாம்.

சிலோன் தோட்டத்திலிருந்து கப்பலேற்றினார்கள். பேப்பரில் கையெழுத்துப் போட்டது அப்பா. என்னைக் கேட்டது யாருமில்லை. கச்சால் தீவில் இறக்கி ரப்பர் மரத்தைக் காட்டினார்கள். பால் வெட்டினேன், கல்யாணம் கட்டினேன், பிள்ளை பெற்றேன். கடல் வந்து அவரையும் வீட்டையும் எடுத்துக்கொண்டு எங்களை இங்கே தள்ளியது. இரண்டு தடவை கிளம்பியாயிற்று. மூன்றாவது தடவை ஒரு ஒயருக்காகக் கிளம்ப மாட்டேன்.

இதை அவனிடம் சொல்லவில்லை. அவனிடம் சொன்னது: "ரசம் ஊத்தவா?"

13 ஆகஸ்ட், புதன்

மழை விட்டுவிட்டு. குடை எடுத்துக்கொண்டு டெலிபோன் ஆபீஸ். நல்ல சேலைதான் கட்டினேன், அந்த மாம்பழக் கலர்.

ஜே.இ., அதாவது ஜூனியர் இன்ஜினியர், திருநெல்வேலிக்காரப் பையன். ட்ரான்ஸ்ஃபரில் வந்தவன். எப்போது மெயின்லேண்ட் போவோம் என்று முகத்திலேயே எழுதியிருக்கிறது. ஆனால் நாற்காலி போட்டான். மரியாதை தெரிந்த பிள்ளை.

"பாட்டிம்மா, ஒங்க வீட்டுக்கு ஃபீசிபிள் இல்ல."

"அப்படின்னா?"

"முடியாதுன்னு அர்த்தம்."

"அப்ப முடியாதுன்னே சொல்லுங்க. அதுல என்ன கொறஞ்சு போகுது?"

ரோட்டு வளைவு வரைக்கும்தான் போஸ்ட் இருக்கிறதாம். அங்கிருந்து நாலா ஓடையைத் தாண்டி எங்கள் வீடு வரை ஒரு போஸ்ட்டும் கிடையாது. புதுப் போஸ்ட் மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வர வேண்டும். டெண்டர். அப்ரூவல். மழைக்காலம் முடிய வேண்டும். அவன் பேசப் பேச நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பெரிய போஸ்டர். இந்தியா படம், பச்சைப் பச்சையாக. ஒரு அம்மாவும் பிள்ளையும் கம்ப்யூட்டரைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். மேலே ஹிந்தியில் பெரிய எழுத்து. எனக்கு ஹிந்தி பேச வரும், படிக்க வராது.

"என்ன எழுதியிருக்கு?"

"நாடு முழுக்க வீட்டுக்கு வீடு வேகமான இன்டர்நெட்னு போட்டுருக்கு."

"நாடு முழுக்கவா? இதுல நாம எங்க இருக்கோம்?"

எழுந்து போய்ப் பார்த்தான். மெட்ராசுக்கு வலது பக்கம் ஒன்றுமில்லை. வெறும் நீலம். அதன்மேல் ஒரு பல்லி.

"பிரிண்ட் பண்றப்ப விட்ருப்பாங்க பாட்டிம்மா. எடம் பத்தாது."

அவன் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தேன். பல்லியை விரட்டினேன். நீலத்தில் வரிசையாகப் புள்ளி வைத்தேன், மாயாபந்தர், பெரார்கஞ்ச், போர்ட் பிளேர், கீழே கச்சால். கச்சாலுக்குக் கொஞ்சம் அழுத்தி.

"இப்ப எடம் பத்துச்சா?"

மூலையில் நின்ற லைன்மேன் சுசீல், ராஞ்சிக்காரன், வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டான்.

பிறகுதான் சொன்னேன். "போஸ்ட்தானே இல்ல? ரோட்டு வளைவுலருந்து எங்க வீடு வரைக்கும் பாக்கு மரம் நிக்குது. ஒங்க போஸ்ட்டவிட நேரா."

"மரத்துல இழுக்க ரூல் கெடையாது."

"இழுக்கக் கூடாதுன்னு ரூல் இருக்கா?"

தலையைச் சொறிந்தான். வெளியே போன சுசீல் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "ஜங்கிள் சைட் மே கர்தா ஹை சார்," என்றான். காட்டுப் பக்கம் செய்வதுண்டாம். ஜே.இ. அவனை முறைத்தான். அப்புறம் என்னிடம், அந்த மரங்களுக்குச் சொந்தக்காரர் எல்லாரும் சம்மதிக்க வேண்டும், பின்னால் தகராறு என்று ஆபீசுக்கு யாரும் வரக் கூடாது என்றான்.

பாதி மரம் எங்களுடையது.

மீதிப் பாதி மினோதியுடையது. அதை நினைத்துத்தான் வரும் வழியெல்லாம் வயிற்றெரிச்சல்.

14 ஆகஸ்ட், வியாழன்

வெயில் தலை காட்டியது. துணி பாதி காய்ந்தது.

மினோதி பக்கத்துத் தோட்டக்காரி, பெங்காலி. அவள் வாத்துகள் என் நாற்றங்காலில் இறங்கி உழப்பியதிலிருந்து பேச்சு கிடையாது. போன பங்குனிக்கு முந்தின பங்குனி. எதிரில் வந்தால் அவள் வானத்தைப் பார்ப்பாள், நான் தரையைப் பார்ப்பேன். வாத்துகள் மட்டும் என்னைப் பார்த்துக் கத்தும்.

இன்று போனேன். வெற்றிலை எடுத்துக்கொண்டு போகலாமா என்று யோசித்து, வேண்டாம், காக்கா பிடிக்க வந்த மாதிரி இருக்கும் என்று வெறுங்கையோடு.

மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். நிமிராமல், "க்யா தீதி, ராஸ்தா பூல் கயா?" வழி தவறி வந்துவிட்டாயா அக்கா என்று குத்தல்.

"வழி எல்லாம் சரியாதான் வந்தேன். ஒன் பாக்கு மரம் வேணும்."

"காட்னே கோ?"

வெட்ட இல்லை, ஒயர் கட்ட என்றேன். எதற்கு என்றாள். விஷயத்தைச் சொன்னேன். வீடு மாற்றுவதையும் சொன்னேன், சொல்ல நினைக்கவில்லை, வந்துவிட்டது. கத்தியைக் கீழே வைத்தாள்.

அவளையும்தான் கப்பலேற்றி இறக்கினார்கள், கிழக்கு வங்காளத்திலிருந்து வந்த குடும்பம். அவள் அதைச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

"ஒயர் பாந்தோ. லேகின் ஹமாரா பத்தக் நாலா மே ஜாயேகா."

ஒயர் கட்டிக்கொள், ஆனால் என் வாத்து உன் பக்கத்து ஓடையில் இறங்கும்.

அவமானம். ஒரு நிமிஷம் பல்லைக் கடித்தேன்.

"ஓடைல எறங்கட்டும். நாத்துல எறங்கினா கொழம்புதான்."

சிரித்தாள். பல்லெல்லாம் பாக்குக் கறை. வரும்போது ஒரு துண்டு மீன் இலையில் கட்டிக் கொடுத்தாள். வாங்கினேன். கடுகு அரைத்துச் சமைப்பாள் போலிருக்கிறது, நான் புளி ஊற்றித்தான் வைத்தேன்.

15 ஆகஸ்ட், வெள்ளி

கொடி. மது பள்ளிக்கூடத்தில் ஊர்வலத்தில் முன் வரிசை. முன் வரிசை! என் பேத்தி கால் தூக்கி வைக்கிற அழகைப் பார்த்துப் பக்கத்தில் நின்ற தெலுங்குக்காரி "யாரு கொழந்த?" என்று கேட்டாள். கேட்கட்டும் என்றுதான் சத்தமாகக் கூப்பிட்டேன்.

டி.வி.யில் எல்லாரும் பேசினார்கள். நாடு, நாடு, நாடு.

சேகர் டி.வி.யை நிறுத்திவிட்டு, "ஒனக்கு எதுக்கும்மா இந்த நெட்டு? ஒரு நாளாவது தொட்டுருக்கியா?" என்றான்.

தொட்டதில்லை. தொடவும் போவதில்லை. ஆனால் அவனுக்கு மறந்துபோயிற்று போல. கச்சாலில் அலை வந்த பிறகு நாங்கள் மேட்டுக் காட்டில் கிடந்தோம். போன் இல்லை, கம்பி இல்லை, ஒன்றுமில்லை. கேம்புக்குக் கொண்டு வந்த பிறகும் பேச வழியில்லை. கோத்தகிரியில் என் தம்பி காத்துக் காத்துப் பார்த்துவிட்டு, எங்கள் எல்லாருக்கும் சேர்த்துக் காரியம் பண்ணிவிட்டான். அவருக்கு, எனக்கு, சேகருக்கு. பதினாறாம் நாள் சோறு போட்டு, மொட்டை அடித்து. அப்புறம் ஒரு நாள் நான் போன் பண்ணுகிறேன். எடுத்தவன் "யாரு?" என்கிறான். "அக்காடா" என்கிறேன். போனைக் கீழே போட்டுவிட்டான்.

என் காரியத்துக்கு வடை போட்டார்களாம். தம்பி பெண்டாட்டி சொன்னாள். நன்றாக இருந்ததாம்.

ஒரு தடவை செத்தவளாக எழுதிவிட்டார்கள். இனி என் வாசலுக்கு வருகிற கம்பியை நான் விட்டுக்கொடுக்கிறதாக இல்லை. இது கலா வேலைக்கு மட்டும் இல்லை.

இதையும் அவனிடம் சொல்லவில்லை. "ஒனக்கு வேணாட்டி சும்மா இரு" என்றேன்.

18 ஆகஸ்ட், திங்கள்

வெயில். லைன் இழுத்தாயிற்று!

ஜே.இ. வரவில்லை. "நான் பாக்கல" என்றானாம் சுசீலிடம். அதுவே அப்ரூவல்.

சுசீல் ஏணியோடு வந்தான், கறுப்பு ஒயர் சுருளோடு. நான் தேங்காய் நார்க் கயிறு திரித்து வைத்திருந்தேன். ரோட்டு வளைவில் தொடங்கி மினோதி தோட்டம், ஓடைக்கு மேலே, எங்கள் தோட்டம், சமையலறை ஓரம். கீழே நின்று நான் சொல்லச் சொல்ல அவன் கட்டினான்.

"மா-ஜி, தோடா டீலா சோட்தா ஹூம்?" கொஞ்சம் தளர்த்தி விடட்டுமா என்று கேட்டான்.

"தளத்தினா காத்துல ஆடும். இறுக்கு. மௌகுக் கொடி கட்டற மாதிரி. ஒரு கணுவுக்கு ஒரு கட்டு."

இந்த மழையில் மிளகுக் கொடி கட்டிக் கட்டிக் கை பழகியிருக்கிறது. மரத்தோடு ஒட்ட, ரெண்டு சுற்று, ஒரு முடிச்சு. என் கொடி எதுவும் இன்றுவரை விழுந்ததில்லை. அவன் தோளைக் குலுக்கினான், இறுக்கினான்.

தூரத்தில் நின்று பார்த்தால் கோடு போட்ட மாதிரி. ஆட்டம் இல்லை, தொய்வு இல்லை. கவர்மெண்ட் போஸ்ட்டில் இருப்பது எல்லாம் துணி காயப்போட்ட கயிறு மாதிரித் தொங்குகிறது.

மினோதி வந்து பார்த்தாள். உதட்டைப் பிதுக்கினாள். பொறாமை.

20 ஆகஸ்ட், புதன்

தூறல். ஒரு போன், அதோடு மோடம் என்று ஒரு வெள்ளை டப்பா. வரிசையாக விளக்கு. முதல் விளக்கு கரண்ட், நடு விளக்கு எங்கள் ஒயர், கடைசி விளக்கு நெட். மூன்றும் பச்சையாக இருக்க வேண்டும். மது காவல். "ஆயா, பச்ச! ஆயா, இன்னும் பச்ச!"

கலா வீட்டில் உட்கார்ந்து வேலை செய்த முதல் நாள். மது பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அவள்தான் கதவைத் திறந்தாள். பிள்ளை வாசலிலேயே நின்றுவிட்டது, வேறு வீட்டுக்கு வந்துவிட்டோமோ என்று.

வேகம்? வேகம் எல்லாம் இல்லை. ஹோட்டல் படம் ஒன்று திறந்தாள். முதலில் வானம் வந்தது. நான் போய் அரிசி களைந்து உலை வைத்துவிட்டு வந்தேன். கூரை வந்திருந்தது. வாசல் வருவதற்குள் சோறு கொதித்துவிட்டது. ஆனால் எழுத்து போகிறது, எழுத்து வருகிறது. கலாவுக்கு அது போதுமாம்.

ஜே.இ. சாயங்காலம் வந்தான், தற்செயலாக வந்த மாதிரி. டீ குடித்தான். ஏன் இவ்வளவு மெதுவாக என்றேன்.

"தண்ணி மாதிரிதான் பாட்டிம்மா. ஒங்க வீட்டுக் கொழாய் நல்ல கொழாய். மேல டேங்க் சின்னது. இந்தத் தீவு மொத்தத்துக்கும் நெட்டு வானத்துலருந்து வருது, சாட்டிலைட். மெட்ராஸ்ல தரைக்கடில கேபிள். நமக்கும் கடலுக்கடில கேபிள் போடணும்னு பேசிக்கிட்டுருக்காங்க."

"எப்ப?"

"பேசிக்கிட்டுருக்காங்க."

கடலுக்கு அடியில். இரண்டாவது அலைக்கு முன்னால் கடல் பின்வாங்கியபோது கச்சாலில் அடித்தரையைப் பார்த்தவள் நான். பாறை, பாசி, துள்ளுகிற மீன். அங்கே கேபிள் போடுகிற அளவுக்கு ஆட்களுக்குத் தைரியம் இருக்கிறது, என் வீட்டுக்குப் போஸ்ட் போட இல்லை. அவனிடம் சொல்லவில்லை. டீ குடிக்கிற பிள்ளை.

சேகர் வீட்டை வேண்டாமென்று இன்னும் சொல்லவில்லை. "ஒரு வாரம் பாப்போம்." பிக்கப் வண்டி முப்பத்தொன்றாம் தேதி ஞாயிற்றுக்கிழமைக்குச் சொல்லியிருக்கிறானாம். வீட்டுக்கு அட்வான்சும் கொடுத்துவிட்டான். என்னைக் கேட்கவில்லை.

25 ஆகஸ்ட், திங்கள்

பேய்க் காற்று. ஹேவ்லாக் தீவுக்குப் போட் எதுவும் போகவில்லையாம்.

பதினொரு மணி போல நடு விளக்கு போய்விட்டது. புனேயிலிருந்து புதுக் கல்யாண ஜோடி, ரூம் கேட்டிருக்கிறார்கள், கலா பாதி பதில் எழுதியிருக்கிறாள். நடுவில் நின்றுவிட்டது. குடையைப் பிடித்துக்கொண்டு கோழிக் கூட்டுப் பக்கம் ஓடி, ஹோட்டல்காரருக்கு மொபைலில் கத்திக் கத்திச் சொன்னாள். குடை மடங்கி, தலையெல்லாம் நனைந்து திரும்பி வந்தாள். தலையைக்கூடத் துவட்டவில்லை.

ஓடைக்கு மேலே ஒயர் அறுந்து தொங்குகிறது.

சேகர் வந்ததும், "பாத்தியா?"

பார்த்தேன்.

கோழிக் கூட்டுப் பக்கம் நின்று மொபைலில் கூப்பிட்டால் ஜே.இ., "மரம்னா அப்படித்தான் பாட்டிம்மா. ஆடும், அறுக்கும்."

சாப்பாடு ஆனதும் சேகர் பீரோவைக் காலி செய்ய ஆரம்பித்தான். துணி எல்லாம் மூட்டை. பித்தளைப் பானை சாக்கில். அந்தப் பானை கச்சாலில் சேற்றிலிருந்து நான் தோண்டி எடுத்தது. சாக்கிலிருந்து எடுத்து மறுபடி அடுப்பு மேல் வைத்தேன். அவன் பார்த்தான். மறுபடி சாக்கில் போடவில்லை, அவ்வளவு தைரியம் அவனுக்கு இல்லை.

கோபம். யார்மேல் என்று தெரியவில்லை. வாத்துமேல் என்று வைத்துக்கொள்வோம்.

26 ஆகஸ்ட், செவ்வாய்

காற்று குறைவு. ரோட்டு வளைவிலிருந்து ஒவ்வொரு மரமாகப் பார்த்துக்கொண்டு வந்தேன். கட்டின இடமெல்லாம் கயிறு ஒயருக்குள் பதிந்திருக்கிறது, உள்ளே செம்பு தெரிகிற அளவுக்கு. ஓடைக்கு இந்தப் பக்கத்து மரம் ஒரு பக்கம் சாய்ந்திருக்கும், அந்தப் பக்கத்து மரம் வேறு பக்கம். நடுவில் ஒயருக்குப் போக இடமில்லை. அறுந்துவிட்டது.

மினோதி வாத்து ஓட்டிக்கொண்டு வந்தாள். அண்ணாந்து பார்த்தாள். ஒயரைக் கையில் பிடித்து முடிச்சைத் தடவினாள். அப்புறம் ஒரு சிரிப்பு, ஓடை தாண்டிக் கேட்டிருக்கும்.

"யே க்யா, காலிமிர்ச் பாந்தா?" மிளகுக் கொடியா கட்டினாய் என்கிறாள்.

"ஆமா. அதுக்கு என்ன?"

அவள் வீட்டுக்காரர் டோங்கியில் மீனுக்குப் போகிறவர். டோங்கியைக் கரையில் இப்படி இறுக்கிக் கட்டினால் தண்ணீர் ஏறும்போது முழுகிப் போகும் என்றாள். கயிற்றை விட்டுக் கட்ட வேண்டும், படகு ஏறும், இறங்கும், கயிறு கூடவே போகும். "மிர்ச் ஜிந்தா ஹை, தீதி. தார் ஜிந்தா நஹி ஹை." மிளகுக் கொடிக்கு உயிர் இருக்கிறது, ஆடினால் அதுவே மரத்தைப் பிடித்துக்கொள்ளும். ஒயர் எதைப் பிடிக்கும்?

சுசீல் அன்றைக்கே கேட்டான், டீலா என்று. அன்று உதட்டைப் பிதுக்கியது பொறாமை இல்லை போல.

"அன்னைக்கே சொல்றதுக்கு என்ன?"

"தூ பூச்சா?" நீ கேட்டாயா?

நியாயம்தான். எரிச்சலாக இருந்தது, நியாயம்தான்.

27 ஆகஸ்ட், புதன்

மேகம், மழை இல்லை. மறுபடி கட்டினோம். சுசீல் ஏணியில், நானும் மினோதியும் கீழே.

இந்தத் தடவை கயிறு கிடையாது. மினோதி வீட்டில் பழைய சைக்கிள் ட்யூப் கிடந்தது. வளையம் வளையமாக வெட்டினோம். வளையம் மரத்தில், ஒயர் வளையத்துக்குள்ளே. இழுத்தால் ஓடும். ஓடைக்கு மேலே நன்றாகத் தொய்வு விட்டு. அசிங்கமாகத்தான் இருக்கிறது, கவர்மெண்ட் லைன் மாதிரியே. சுசீல் வேண்டுமென்றே என்னைக் கேட்டான், "மா-ஜி, இறுக்கவா?"

"வாய மூடிட்டு வேலயப் பாரு."

மினோதிக்கு என் திட்டு புரிந்துவிட்டது. தமிழ் வராது என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மூன்று விளக்கும் பச்சை. கலா புனே ஜோடிக்கு மன்னிப்புக் கேட்டு எழுதினாள். அவர்கள் வேறு ஹோட்டல் பார்த்துவிட்டார்களாம்.

சேகர் மூட்டையைப் பிரிக்கவில்லை. "அடுத்த காத்துக்குத் தாங்குமாம்மா?" என்றான். கேலி இல்லை, உண்மையாகவே கேட்டான். அதுதான் கஷ்டமாக இருந்தது. பிள்ளை மெலிந்துதான் போயிருக்கிறான், பஸ்ஸிலேயே பாதி ஆயுசு.

29 ஆகஸ்ட், வெள்ளி

பிள்ளையார் சதுர்த்தி. ஓடைக் களிமண்ணில் பிள்ளையார். மது பிடித்தது, தும்பிக்கை வாத்து மூக்கு மாதிரி வந்துவிட்டது. கொழுக்கட்டை. மினோதிக்கும் ஒரு தட்டு.

காலையிலிருந்து திரும்பவும் காற்று. திங்கட்கிழமைக் காற்றைவிடப் பெரிசு. முருங்கை விழுந்துவிட்டது. நான் போய்த் தோட்டத்தில் நின்றேன். பாக்கு மரம் எல்லாம் சாமி வந்த மாதிரி ஆடுகிறது. ஒயர் வளையத்துக்குள் போகிறது, வருகிறது, போகிறது, வருகிறது. அறுக்கவில்லை. எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. நனைந்துபோய் உள்ளே வந்தால் சேகர் மோடம் முன்னால் நிற்கிறான்.

"போயிருச்சும்மா."

கடைசி விளக்கு சிவப்பு.

"முடிஞ்சுச்சு. விடு." சாக்கை எடுத்துவிட்டான். பித்தளைப் பானையை நோக்கிப் போகிறான்.

நான் விளக்கைப் பார்த்தேன். முதல் விளக்கு பச்சை. நடு விளக்கு பச்சை. நடு விளக்குதானே என் ஒயர்? மோடத்தோடு வந்த போனை எடுத்துக் காதில் வைத்தேன். ர்ர்ர் என்று சத்தம். நல்ல சத்தம்.

"கலா, ஒன் ஹோட்டலுக்குப் போடு."

போட்டாள். ஹோட்டல்காரர் எடுத்தவுடனே பேசியது எனக்கே கேட்டது, அவ்வளவு சத்தம். "கலா, அங்க நெட் வருதாம்மா? இங்க காலையிலருந்து சுத்தமா டெட். டவுன் முழுக்க இல்ல. சாட்டிலைட் போச்சுங்கறாங்க."

போனை வாங்கி, கையால் பொத்தி, சேகரிடம் நீட்டினேன்.

"அவரு எங்கருந்து பேசறாரு?"

"போர்ட் பிளேர்தான்."

"காராச்சர்மா எங்க இருக்கு?"

"...போர்ட் பிளேர்ல."

"அங்க நெட்டு வருதா?"

போனைக் கலாவிடம் கொடுத்தான்.

"ஒயரு அறுந்தா நான் கட்டிக்குவேன். மேல இருக்கற டேங்க் காஞ்சா பெரார்கஞ்சுலயும் காயும், காராச்சர்மாலயும் காயும். இங்கருந்து அங்க போற. அங்கயும் இல்லன்னா எங்க போவ? மெட்ராசுக்கா? இந்தத் தீவுல நெட்டு இல்லன்னு ஒவ்வொருத்தனா மூட்டையக் கட்டினா, அந்தப் போஸ்டர்காரன் நம்மள விட்டுட்டுப் படம் போட்டது சரின்னு ஆயிரும்."

சாக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான், சின்ன வயதில் நின்ற மாதிரி.

அப்போதுதான் கலா பேசினாள். இந்த மாதம் முழுக்க நான் கேட்காத குரல்.

"நான் வரலங்க. நான் கேட்டது நெட்டு. வீடு மாத்தணும்னு நான் கேக்கவே இல்ல."

"நீ சொல்லவே இல்லயே!"

"நீங்க கேட்டீங்களா?"

மினோதி தட்டைத் திருப்பிக் கொடுக்க வந்து கதவில் நின்றிருந்தாள். என்னைப் பார்த்து ஒரு புருவத்தை மட்டும் தூக்கினாள்.

சேகர் சாக்கைக் கீழே போட்டுவிட்டுக் கொழுக்கட்டை எடுத்தான். இரண்டாவதும் எடுத்தான். சொல்ல வந்ததை விழுங்குவதற்கு அது போதும்.

30 ஆகஸ்ட், சனி

வானம் வெளுத்தது. மத்தியானம் கடைசி விளக்கு பச்சை. மது ஊரைக் கூட்டியது.

கலா ஹோட்டல்காரரிடம் முடிவு சொல்லிவிட்டாள்: வீட்டிலிருந்து. வானத்து நெட் நின்றுபோகிற நாளில் போனில் பேசி எழுதிக்கொள்கிறேன் என்றாளாம். சரி என்றாராம், அன்றைக்கு டவுனில் இருப்பவனும் அதைத்தானே செய்ய வேண்டும் என்று.

பீரோ மறுபடி நிறைந்தது. ஒரு கதவு மூட மாட்டேன் என்கிறது.

சேகர் தினம் பஸ்ஸில்தான் போக வேண்டும். காலையில் அவனுக்குக் கட்டுச்சோறு இனி நான் கட்டுகிறேன் என்றேன். "நீ புளி ஜாஸ்தி போடுவ" என்றான். சமாதானம்.

31 ஆகஸ்ட், ஞாயிறு

நல்ல வெயில். வாசலில் ஹாரன். பார்த்தால் பிக்கப் வண்டி! வேண்டாமென்று டிரைவரிடம் யாரும் சொல்லவில்லை.

"சாமான் கஹா ஹை?" சாமான் எங்கே என்கிறான், மலையாளிப் பையன்.

சும்மா அனுப்புவானேன். தேங்காய் உரிக்காமல் குவிந்து கிடந்தது. வாழைத்தார். மினோதியின் பாக்கு இரண்டு மூட்டை. எல்லாம் ஏற்றிப் போர்ட் பிளேர் மார்க்கெட்டுக்கு. சேகர் முன்னால் உட்கார்ந்து போயிருக்கிறான், விற்றுவிட்டு, காராச்சர்மா வீட்டு அட்வான்சையும் கேட்டு வாங்கி வர. வண்டி வளைவு திரும்பும்வரை நின்று பார்த்தேன். என் வீட்டிலிருந்து சாமான் ஏற்றிய வண்டி ஒன்று நான் இல்லாமல் போவது இதுதான் முதல் தடவை.

மினோதி மதியம் வந்தாள். பேத்தி மாயாபந்தரில் படிக்கிறதாம், முகம் பார்த்துப் பேச வேண்டுமாம், முகம் வருவதற்குள் சோறு கொதித்தாலும் சரியாம். அவளுக்கும் ஒரு லைன் வேண்டும். ஃபீசிபிள் இல்லை என்பான் ஜே.இ. சொல்லட்டும்.

நாளைக்கு: ஆபீஸ் திறந்ததும் இருவரும் போவது. ட்யூப் வெட்டி வைத்தாயிற்று. வாத்து மது பொறுப்பு. மாம்பழக் கலர் சேலை இன்னும் ஈரம், பச்சையைக் கட்ட வேண்டும். போஸ்டரில் நான் வைத்த புள்ளியை யாராவது துடைத்திருந்தால் மறுபடி வைக்க வேண்டும். இந்தத் தடவை பேனா என் சொந்தப் பேனா.